பெட்டி கட்டியவர்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த லாரி ஷெட்டுக்கு, விமான ரேடியோக்களைப் பெட்டி கட்டி அனுப்ப ஒருவர் வருவார். விமானப்படையில் இருந்தவர், தடித்த கழுத்து, கத்தரித்த மீசை. கட்டி முடித்ததும் பெட்டியை ஓங்கி உதைத்து, உள்ளே ஏதும் ஆடுகிறதா என்று காதை வைத்துக் கேட்பார்.

ஒருநாள் லோடுமேன் ஒரு பெட்டியைத் தூக்கி எறிந்தான். அவர் கடப்பாரையால் அவன் கையை ஒடித்துவிட்டார்.

“நீங்க மட்டும் ஒதைக்கீக?” என்று அவன் அலறினான்.

“நான் ஒதைச்சு ஒடஞ்சா இங்கயே தெரிஞ்சுரும்லே. நீ எறிஞ்சு ஒடஞ்சா, மேல பறக்கும்போதுல்லா தெரியும்!”

பிறகு பெட்டிக்கு வைக்கும் ஸ்பாஞ்சும் பலகையும் வைத்து அந்தக் கையை அவரே கட்டினார். அத்தனை முரடரையும் நான் பார்த்ததில்லை, அத்தனை பதமான விரல்களையும் பார்த்ததில்லை. கட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவன் வாயருகே காதை வைத்தார். அவன் முனகவில்லை.

“ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கலே” என்றார்.