மூக்கடைத்த குரல்

ராப் பாடுகிறவன் சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகக் கூடாது. என் சிநேகிதனிடம் இதைத் தலைபாடாக அடித்துக்கொண்டேன். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யார் பேச்சை யார் கேட்கிறார்கள்? "ஐந்தருவியில தண்ணி கொட்டுது. ரெக்கார்டிங் எங்கலே ஓடிப் போவுது?" என்று கேட்டுவிட்டுப் போனான். மறுநாள் தென்காசியில் என் ரெக்கார்டிங் அறைக்கு வந்து, பாட்டு முழுவதையும் மூக்காலேயே பாடினான்.

"சளி போனதும் திருப்பி எடுப்போம்லே" என்றேன். தலையை ஆட்டினான். அடுத்த வாரம் கடையம் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். இன்றைக்கும் எனக்கு அவன்மேல் கோபம்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அந்தப் பாட்டைக் கேட்க வருவதாக அவன் அம்மா சொல்லி அனுப்பினார். கடைசிக் குரல் அப்படி அடைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் ஈக்யூவைத் திறந்தேன். குரலின் அடிச்சத்தம், நடுச்சத்தம், கீச்சுச்சத்தம் ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்குகிற வேலை அது. ராப்பில் ஒரு சொல் மழுங்கினாலும் பாட்டு படுத்துவிடும். டிரம்முக்கு இடம்விட்டு அடியைக் குறைத்தேன். மூக்கடைப்பு நடுவில் இருந்தது. தேடிப் பிடித்து இறக்கினேன். சொற்கள் பளிச்சென்று விழ மேலே கொஞ்சம் ஏற்றினேன். வரிகளுக்கு நடுவே அவன் மூக்கை உறிஞ்சியதையெல்லாம் வெட்டி எடுத்தேன். சுத்தமான குரல் கிடைத்தது. இதைக் கேட்க அவன் இல்லையே என்று அழுகை வந்தது.

அம்மா மத்தியானம் வந்தார். பாட்டு முடியும்வரை ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு பாடுதது?"

"அவந்தாம்மா."

"அன்னைக்கு அவனுக்குச் சளி புடிச்சிருந்துச்சுல்லா. கசாயம் வச்சேன். பாடிட்டு வந்து குடிக்கேன்னுட்டுப் போனான். இதுல சளியவே காணுமே?"

ஈக்யூவை அணைத்தேன். வெட்டியதையெல்லாம் பழைய இடத்தில் போட்டு மறுபடி ஓட்டினேன். மூக்கடைத்த அந்தக் குரல் அறைக்குள் வந்தது. இரண்டாவது வரி முடிந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

அம்மா முந்தானை நுனியை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார்.

"ஏலே, தொடச்சிக்கிடுலே" என்றார்.