கையெழுத்துக் கேட்ட நாவல்

அந்தச் சமையற்காரி பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் உரித்த வெங்காயத்தை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். நம்பாதவர்கள் வந்து எண்ணிக்கொள்ளட்டும். அத்தனை உரித்தும் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது, கோபத்தில்.

வீட்டுக்கார அம்மாள் வெள்ளை இனம், இவள் கறுப்பு. வெள்ளைக்கு முன்வாசல், கறுப்புக்குப் பின்வாசல் என்று சட்டம் போட்டது யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் தாழ்ப்பாளுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குத் திடீரென்று இரக்கம் பொங்கி, வீட்டுவேலை செய்கிறவர்களின் துயரத்தை ஒரு நாவலாக எழுதித் தள்ளிவிட்டாள். அச்சுக்குப் போகும் முன் தாள்கட்டைச் சமையலறை மேசையில் வைத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. அட்டையில 'உண்மைக் கதை'ன்னு போடணுமாம், பதிப்பாளர் கேக்குறார்."

"படிச்சிட்டுப் போடறேம்மா."

"நீயா? படிப்பியா?" அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் என்பது, பத்தொன்பது வருஷமும் கேட்காமலே இருந்துவிட்டால் எப்படித் தெரியும்?

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே புரட்டினாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விரல் நின்றது. காய்ச்சலில் துடிக்கும் சமையற்காரியின் குழந்தையை எஜமானி மடியில் போட்டுக்கொண்டே காரைப் பறக்கவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறாள். சமையற்காரி அவள் காலில் விழுகிறாள்.

வருஷங்களுக்கு முன் நடந்ததோ வேறு. காரின் புது இருக்கை உறை பாழாகிவிடும் என்று அன்றைக்கு அம்மாள் கார்க்கதவைத் திறக்கவே இல்லை. மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் வெயிலில் ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் குழந்தையின் ஒரு காதைத் தின்றுவிட்டது.

"இந்தப் பக்கத்தை மாத்துங்கம்மா."

"ஏன், நல்லாத்தானே இருக்கு? படிக்கிறவங்க தேம்பித் தேம்பி அழுவாங்க."

"என் புள்ளைய நீங்க தொட்டதுகூட இல்ல."

"ஐயோ, கதைதானே!"

"கதைன்னா என் கையெழுத்து எதுக்கு?"

அம்மாளின் வெள்ளை முகம் சிவந்துபோனது. "உன்னைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கேன். கொஞ்சமாவது நன்றி இருக்கா?"

"என்னைப் பத்தி எங்கம்மா எழுதினீங்க? பக்கத்துக்குப் பக்கம் நீங்கதான் நல்லவங்களா நிக்கிறீங்க."

"போடலேன்னா நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

"சரி. அடுப்பைப் பாத்துக்கங்க, பொங்குது." அப்படியே படியிறங்கிவிட்டாள்.

நாவல் வந்தது. அட்டையில் 'உண்மைக் கதை' இல்லை. அந்தத் தெருவில் இவளுக்கு வேலையும் இல்லை. திமிர் பிடித்தவள் என்ற நற்சான்றிதழ் வீடு வீடாக இவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

மகள், கேட்கிற காதை இவள் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். "ஒரு கையெழுத்துத்தானேம்மா? போட்டுத் தொலைச்சிருக்கலாமே."

"போட்டிருந்தா அவ உன்னைக் காப்பாத்தினவ ஆயிருப்பாடி! வேலைய வேணா பிடுங்கிக்கட்டும். அந்தப் பட்டத்தை என் கையால எழுதிக் குடுக்க மாட்டேன்."