செவ்வாய், வெள்ளி லீவு எடுத்த மாத்திரை

2008 ஜூனில், பள்ளி திறந்த கையோடு, நானும் பத்து வயது மகள் ஷாலினியும் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போனோம். அவளுக்குக் குடலில் தீராத அழற்சி. எந்த நேரத்தில் கழிவறைக்கு ஓடுவாள் என்று தெரியாது. அவள் விழுங்கும் மாத்திரை உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று ரத்தத்தில் பார்த்திருந்தார்கள். போதவில்லையாம். மாத்திரை கைவிட்டால் ஆபரேஷன் வரை போகலாம் என்றதிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

காலை ஆறேகால் ரயில், இரண்டரை மணி நேரம். சீசன் பாஸ்காரர்கள் கர்சீஃப் போட்டு இடம் பிடிக்கும் வண்டி. எங்கள் தெரு ஞானராஜ் அண்ணன் தினமும் அதில்தான் வேலைக்குப் போவார். கழிவறையை ஒட்டிய இருக்கையில் எங்களுக்காகக் கர்சீஃப் போட்டிருந்தார். அந்த இடத்துக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது ஒரு வசதி. ஷாலினி மூன்று முறை எழுந்து ஓடினாள்.

கன்டோன்மென்டில் இறங்கினால் தொம்மலூர் பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அரைமணி. மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்பார்கள். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லப்பா" என்றால் விட்டுவிடுவார்கள்.

டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "மாத்திர தினா குடுக்கறீங்களாம்மா?"

"ஒரு நாள் தவறமாட்டேன் டாக்டர்" என்றேன் நிமிர்ந்து.

"செவ்வா, வெள்ளி தரமாட்டாங்க டாக்டர்" என்றாள் ஷாலினி. "அன்னிக்கு எண்ணெ குளியல்."

எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்புக்கு மருந்து ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதைத் தவறவிட்ட கணக்கில் நான் சேர்த்ததே இல்லை.

"அய்யோ ராமா!" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எண்ணெ வைங்க, குளிங்க, பரவால்ல. மாத்திரைக்கு மட்டும் லீவு கெடையாது. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வெளியே வந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஒரு மசால் தோசையை முழுதாகச் சாப்பிட்டேன்.

இதே காரணத்துக்காகப் பெங்களூர் வருபவர்களுக்கு: குழந்தையையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப் போங்கள், பேசவிடுங்கள். வீட்டு வழக்கம் எதையும் சின்ன விஷயம் என்று விழுங்காதீர்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இரண்டாவது ரத்தத்தில் அளவு சரியாக ஏறியிருந்தது; ஆபரேஷன் பேச்சே எழவில்லை. அந்த முடிவைக் கேட்கப் போன காலையிலும் ஞானராஜ் அண்ணன் வழக்கமான இடத்தில் கர்சீஃப் போட்டிருந்தார்.

"கர்சீஃப எடுத்துக்கங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, ஷாலினி பெட்டியின் அந்தக் கோடிக்கு, ஜன்னல் சீட்டுக்கு ஓடினாள். பெங்களூர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.