அட்டைப்பெட்டியில் தேடிய கயிறு

எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் கைக்கயிறுகளை வெட்டியவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது நானாகவே கை தூக்கினேன்.

ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி அது. அங்கே கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கயிற்றின் நிறத்தை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். சாதிக்காகவா, சாமிக்காகவா என்று அவர்களுக்கே தெளிவில்லை. ஒருநாள் குழாயடியில் அடித்துக்கொண்டதில் ஒருவனுக்குப் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. ரத்தத்தைத் துடைத்தவள் நான். கயிறு, டாலர், ஜெபமாலை, நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்று முடிவானபோது எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பெரிய சண்டை. "நெத்தியில துன்னூறு வெச்சா இன்னா டீச்சர் தப்பு?" என்று ஒருவர் எழுந்தார். "சிலுவைய கயட்ட மாட்டோம், ஞானஸ்நானத்துல போட்டது" என்றார் ஓர் அம்மா. பின்வரிசையிலிருந்து இன்னொரு தாய், "அல்லாரும் அல்லாத்தையும் கயட்டிட்டு வரட்டும். எம்புள்ளைய எவனும் நீ இன்னா ஆளுன்னு கேக்காம இருந்தா போதும்" என்றபோது கூட்டம் அடங்கியது. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது.

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை கத்தரிக்கோலும் ஓர் அட்டைப்பெட்டியுமாக வகுப்பு வகுப்பாகப் போனேன். பலரும் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் மட்டும் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். அதிகம் பேசாத பிள்ளை. கணக்கில் கெட்டி. மணிக்கட்டில் இரண்டு சுற்றாக நைந்த கறுப்புக் கயிறு.

"எந்தக் கோயில் கயிறு இது?"

அவள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?"

"மிஸ், இது வந்து..." என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்திக்கொண்டாள். நான் காத்திருக்கவில்லை. கயிறு சத்தமே இல்லாமல் அறுந்தது. அவள் அழவில்லை. வெறும் மணிக்கட்டை மறுகையால் பொத்திக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். இருங்காட்டுக்கோட்டையில் காண்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன்.

"சட்டம் சரிதான் டீச்சர். நான் அதுக்கு வர்ல" என்றார். "அது சாமி கவுறு இல்ல. எம்புள்ள இடுப்புல கட்டியிருந்த அர்ணாக்கவுறு. இவ தம்பி. போன வருசம் லாரி அடிச்சு பூட்டான். ஆஸ்பத்திரில அத்த மட்டும்தான் கயட்டிக் குடுத்தாங்கோ. இவதான் கேட்டு வாங்கி கையில கட்டிக்கினா. எங்க போட்டீங்கோன்னு சொன்னா எடுத்துக்கினு பூடறேன்."

அட்டைப்பெட்டி அலுவலக அறை மூலையில் இருந்தது. தரையில் கவிழ்த்தேன். சிவப்பு, மஞ்சள், காவி, பச்சை, கறுப்பு. கறுப்பே அதிகம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். அவ்வளவு நைந்த கயிறு ஒன்றுகூட அதில் இல்லை. வகுப்பில் கீழே விழுந்து குப்பையோடு போயிருக்க வேண்டும். அவரோ ஒவ்வொரு கறுப்புக் கயிற்றையும் எடுத்து முகர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. உடனே அவள் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதாம்பா."

"நல்லா பாத்தியா?"

"எனுக்குத் தெரியாதா? இதான். வா, போலாம்."

புதிதாய், பளபளப்பாக இருந்தது அந்தக் கயிறு. அவர் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நான் மற்ற கயிறுகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தேன். "தேங்க்ஸ் டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் பள்ளிக்குப் பின்னால் ஓடினேன். முந்தின நாள் குப்பையை மாலையே எரித்திருந்தார்கள். சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன்.

அன்றே தலைமை ஆசிரியரிடம், இனி வெட்ட மாட்டேன், வீட்டிலேயே கழற்றி அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். பையன்கள் சண்டை நின்றது உண்மை. யார் கேட்டாலும் அந்தச் சட்டம் நல்லது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்க்க முடிவதில்லை. ஏதாவது ஒரு பிள்ளை "மிஸ், இது வந்து..." என்று ஆரம்பித்தால் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். அது சாதாரணமாக, சிறுநீர் கழிக்கப் போகக் கேட்பதாக இருக்கும்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தேன். கம்பெனி யூனிஃபார்மில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். அவளே வந்து பேசினாள்.

"நல்லா கீறீங்களா மிஸ்?"

"அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா கீறாரு. அந்தக் கவுற பர்ஸ்லயே வெச்சிக்கினு கீறாரு. ஊட்டாண்ட கேக்கறவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுவாரு."

"நீ அவர்கிட்ட..."

"சொல்லல மிஸ்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்களும் சொல்லிடாதீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஏழெட்டுப் பேரோடு அவளும் நெருக்கி உட்கார்ந்தாள்.