அவரைக்கு அம்மை போட்ட வருசம்

பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்ப்பவன் பாதி டாக்டர், பாதி ஜோசியன். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் நோயைச் சொல்லிவிட வேண்டும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் தேனி கடைவீதியில் அப்படி நின்றவன் நான்.

இலை வந்தது

விவசாயிகள் நோய் கண்ட இலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பூச்சி அகப்பட்டால் தீப்பெட்டியில் அடைத்து வருவார்கள். பழனிசெட்டிபட்டி வேலுச்சாமி அண்ணன் இலை மட்டும் கொண்டுவந்தார். ரோட்டோரத்தில் அவருக்குப் பந்தல் அவரை. வீட்டில் குழம்புக்கும் அதுதான், சந்தைக்குப் போவதும் அதுதான். அது போனால் அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

இலையின் மேல்பக்கம் முழுக்கச் செம்பு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி. திருப்பினால், வழக்கமாகப் பூச்சி ஒளிகிற அடிப்பக்கம் சுத்தம். பூச்சியைக் கண்ணால் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை என்பது எங்கள் முதலாளி போட்ட சட்டம். அதைச் சொன்னதும் அண்ணன் முகம் வாடிவிட்டது.

"நோவு இருக்குன்னு தெரியுது, ஆளு யாருன்னு தெரியலைங்கிறீக. அது தெரியிற வரைக்கும் செடி நிக்குமா தம்பி?"

புழுவும் வந்தது

மறுவாரம் தீப்பெட்டியோடு வந்தார். திறந்தால் இளஞ்சிவப்பில் கொழுத்த புழு. அது கத்திரிக்காயைக் குடைகிற சாதி. அவரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எங்கே பிடித்தது என்று கேட்டேன். புழுவைவிட அதிகமாக அவர் நெளிந்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மருந்துக்காக ஒருவர் புழுவை இரவல் வாங்கி வருகிறார் என்றால் அவர் வீட்டு நிலைமை என்னவாக இருக்கும்?

"புழு இல்லாம மருந்து தரமாட்டேன்னீக. பக்கத்துத் தோட்டத்துல கேட்டு ஒண்ணு வாங்கியாந்தேன்."

தாளிக்காத குழம்பு

அடுத்து அவர் மனைவி பேச்சியம்மா வந்தார், மருந்தே வேண்டாம் என்று சொல்ல. புள்ளியைப் பார்த்து, அவரைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பந்தல் காலெல்லாம் வேப்பிலை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்த்தி. தோட்டத்துக்குள் யாரும் செருப்போடு நுழையக் கூடாது. வீட்டில் தாளிப்பும் கிடையாது. அண்ணன் வாரக்கணக்கில் தாளிக்காத குழம்பு சாப்பிட்டார். ஆனாலும் இலை பழுத்து உதிர்ந்தது, காய் சிறுத்தது. அதைச் சொல்லும்போது அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது.

"மனுசருக்குன்னா மூணு தண்ணி ஊத்தி எறக்கிருவோம். தோட்டத்துக்குத் தெனமுந்தான் தண்ணி பாச்சுறேன், ஆத்தா எறங்க மாட்டேங்கிறாளே."

ஆபீசர் சொன்னது

ஊருக்குப் புதிதாக வந்த வேளாண்மை ஆபீசர் எங்கள் கடைக்கு வந்தபோது அண்ணனே அவரிடம் இலையை நீட்டினார். ஓசோன் என்கிற கெட்ட காற்றாக இருக்கலாம் என்றார் அவர். பஸ், லாரி, செங்கல் சூளை விடுகிற புகை உச்சிவெயிலில் அப்படி மாறுமாம். சுற்றிலும் மலை, காற்று அசையாத நாளில் அது இங்கேயே தங்கி இலைக்குள் புகுந்துவிடுமாம். புத்தகத்தில் படித்ததுதான், அளந்து பார்க்க இங்கே கருவி இல்லை, இதற்கு மருந்தும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். எங்கள் அலமாரி நிறைய டப்பா, அதற்கு ஆகிற டப்பா ஒன்றுகூட இல்லை. அண்ணன்தான் கேட்டார்.

"அப்ப இத்தனை நாளாக் கீழ பாத்துத் தேடுனது தப்பு. மேல பாத்து அடிக்கிற மருந்து எப்ப வரும் சார்?"

காய்கறிக் கடை

அந்த வருசமே பந்தலைப் பிரித்துவிட்டுச் சோளம் போட்டார்கள். சில மாதம் கழித்துப் பேச்சியம்மாவைக் காய்கறிக் கடை வாசலில் பார்த்தேன். கையில் பை, பையின் மேலாக எந்த ஊரிலிருந்தோ வந்த அவரைக்காய். பார்க்காததுபோலப் போயிருக்கலாம், என் பார்வை பையிலேயே நின்றுவிட்டது. அவர்தான் சிரித்தார்.

"என்ன தம்பி பாக்குறீக? எங்க அவரையை ஊரே வாங்கித் தின்னுச்சு. இப்ப ஊரோட ஊரா நாங்களும் வாங்குறோம்."

பூச்சியை நம்பிப் பிழைத்த எங்கள் கடைக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்தப் புகைவிட்ட பஸ்கள்தான் என்பதால், யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.