கட்லா முட்டையும் முந்திக்கொண்ட மழையும்

மீன்குஞ்சுப் பண்ணையில் என் முதல் நாளே மழையோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிவிட்டது. சேவூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த ஹாச்சரி. விலங்கியல் படித்துவிட்டு டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். தொட்டி ஓரத்தில், திறந்தவெளியில், ஹார்மோன் ஊசி போட்ட பெண் கட்லா மீனை முதலாளி தனசேகர் பிடித்துக்கொண்டார். நான் வயிற்றை மெல்ல நீவினேன். காய்ந்த ட்ரேயில் முட்டைகள் கொழகொழவென்று வந்து விழுந்தன. அந்த சீசனில் சினை தேறிய மீன் எங்களிடம் அது ஒன்றுதான்.

மீன் முட்டையின் மேலுறையில் ஒரே ஒரு நுண்துளை உண்டு, மைக்ரோபைல் என்போம். விந்தணு உள்ளே போக வேறு வழி கிடையாது. அதிலும் ஒன்று நுழையத்தான் இடம். தண்ணீர் படும்வரை விந்தணு அசையாமல் கிடக்கும். பட்டதும் பாய்ந்து நீந்தும்; ஒரு நிமிடம் ஓடினாலே பெரிது. முட்டையும் தண்ணீர் பட்டதும் ஊத ஆரம்பிக்கும், துளை அடைபட்டுவிடும். அதனால்தான் இரண்டையும் உலர்வாகக் கலந்த பிறகு தண்ணீர் விடுகிறோம்.

என் கழுத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. ட்ரேயின் மேல் குனிந்து மறைத்தேன். என் தலைமுடியிலிருந்தே இரண்டு சொட்டு முட்டைமேல் விழுந்தது.

"ஷெட்டுக்குத் தூக்கினு போயிடலாமா?" என்றார் முதலாளி.

"வேணாங்க சார், தண்ணி பட்டுடுச்சு! ஆம்பள மீனு இப்பவே வேணும்!"

தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு பண்ணை வேலையாள் ஏழுமலை அண்ணன் ஆண் மீனைத் துரத்தி அலைந்துகொண்டிருந்தார். "வழுக்கிகினே போவுது மேடம்!"

"ஜல்தி, ஏழுமல!" என்று கத்திய முதலாளி, பெண் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். ஏழுமலை அண்ணன் ஒரு ஆண் மீனை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். என் புதுத் துப்பட்டாவால் அதைத் துடைத்தேன். அடிவயிற்றை அழுத்தியதும் பால்போல விந்து பீறிட்டது. கோழி இறகால் கலக்கினேன். பிறகு தண்ணீரை ஊற்றினேன்.

கருவுறாத முட்டையும் தண்ணீரில் ஊதும் என்பதால், பார்த்தவுடன் சொல்ல முடியாது. காத்திருந்து, நாலைந்து முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

"இன்னாமா ஆச்சி? பேஜாரா கீது, சொல்லும்மா!" என்றார் முதலாளி.

முட்டையின் உச்சியில் இருந்த சின்ன மேடு நடுவில் கோடு விழுந்து நின்றது. அடுத்ததிலும் அப்படியே. கருவுற்ற முட்டைதான் இப்படி இரண்டாகப் பிரியும்.

"ரெண்டா பிரிஞ்சிடுச்சு சார்! பிரிஞ்சிடுச்சு!"

சட்டையில்லாத முதலாளி லென்ஸில் கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. "ஏழுமல, வந்து பாருடா. உசுரு ஆரம்பிச்சிகினு கீது!"

சில முட்டைகள் வெளுத்துச் செத்தன. மற்றவை மறுநாள் பொரிந்து, தொட்டி முழுக்கத் துடித்தன.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆண் மீன் கரைக்கு வந்த பிறகே பெண் மீனின் வயிற்றில் கை வையுங்கள்.