உம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்கள்

ராத்தாவின் அனுமதியோடு எழுதுகிறேன்.

(நிபந்தனை: அவர் பெயர் வரக்கூடாது. என் மானம் போனால் பரவாயில்லையாம்.)

ஐந்து மாதத்துக்கு முன் மனைவியைப் பெண்கள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். என் வேலை பைக் ஓட்டுவது மட்டும் என்று நினைத்து வெளியே நின்றேன். நர்ஸ் மிஸ் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்களுக்கு ரெண்டு பொம்புளப் புள்ளைகள்தானே? உங்கட உம்மாக்கு, ராத்தாமாருக்கு மார்புல கட்டி, கேன்சர் ஏதும் இருந்ததா?"

"இவவத்தானே மிஸ் பாக்குறீங்க. எண்ட உம்மா என்னத்துக்கு?"

"புள்ளைகள் உங்கட வழியாலயும்தானே வந்த?"

பாலாவியில் எனக்கு டயர் கடை. எந்த லொறிக்கு எப்போது டயர் மாற்றினேன் என்று நின்ற இடத்தில் சொல்வேன். உம்மா எதனால் மௌத்தானார் என்பது தெரியவில்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது அவர் இறந்தார்; எனக்கு ஒன்பது வயது. காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

என்னைவிட எட்டு வயது மூத்த ராத்தாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"உம்மாக்கு என்ன வருத்தம் ராத்தா?"

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"கிளினிக்ல கேக்குறாங்க."

ராத்தா எழுந்து அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மார்புல கட்டி. வாப்பாக்கும் சொல்லல்ல. புண்ணாகின பொறகு நான்தான் துணி கழுவிக் குடுத்த."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீ ஆம்புளப் புள்ள. உனக்கிட்ட எப்பிடிச் சொல்ற?"

மிஸ்ஸிடம் சொன்னேன். அப்படியென்றால் ராத்தாவும் உடனே காட்ட வேண்டும் என்றார். மறுபடி கோல்.

"எனக்கு ஒண்டுமில்ல. வருத்தமெண்டா நோகும்தானே. இது நோகவே இல்ல."

"எது ராத்தா?"

"புள்ளைகள் சுகமா?" என்று கேட்டார்.

"எது நோகல்ல?"

"சின்னக் கட்டி ஒண்டு. கடலையளவுதான். நோன்புக்கு முந்தியே இருக்கு."

அடுத்த நாள் காலையில் ஓட்டோவோடு போய் நின்றேன். அடுப்பில் கறி இருக்கிறது என்றார். கறி இறங்கும் வரை கதிரையில் இருந்தேன். மச்சான் வீட்டில் இல்லை என்றார். மச்சானுக்குக் கோல் எடுத்துப் போனைக் கையில் கொடுத்தேன்.

ஓட்டோவில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொம்புள டொக்டரா?"

"ஓம், பொம்புளதான்."

(எனக்குத் தெரியாது. அல்லாஹ் காப்பாற்றினான், பொம்புளைதான்.)

பரிசோதனை முடிவு வந்த அன்று என்னால் உள்ளே போக முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பிளேன்டீ குடித்தேன். ராத்தாவே என்னைத் தேடி வந்தார்.

"கேன்சர்தானாம். பரவல்லியாம், நேரத்தோட வந்திருக்கேனாம். வருத்தம் எனக்கு, நீ என்னத்துக்கு அழுவுற? மூக்கத் துடை."

ஒபரேஷன் முடிந்தது. கரண்ட் பிடிப்பதும் (கதிர்ச் சிகிச்சை) போன கிழமை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். பார்க்க வருகிறவர்களிடம், "நானாத்தான் போய்க் காட்டின, தம்பி சும்மா கூட வந்தான்" என்கிறார். நான் மறுக்கவில்லை. துஆ செய்த எல்லோருக்கும் நன்றி.

உங்கள் உம்மா வழியிலும் வாப்பா வழியிலும் பெண்களுக்கு என்ன வருத்தம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஆண்களையும்தான் கேட்கிறேன்.

நேற்று இரண்டு மகள்மாரையும் கூப்பிட்டு வைத்து, அவர்களுடைய வாப்பும்மாவின், அதாவது என் உம்மாவின், வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். சின்னவள் முழுதும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"வாப்பும்மாட பேர் என்ன வாப்பா?"

அதைக்கூட நான் இவ்வளவு நாளும் சொல்லியிருக்கவில்லை.